டெட் கென்னடீஸின் முதல் ஆல்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'ஃப்ரெஷ் ஃப்ரூட் ஃபார் ராட்டிங் வெஜிடபிள்ஸ்' ஆல்பத்தை யாருக்குப் பரிந்துரைத்தாலும் கொஞ்ச நாளில் கேள்விகள் வந்துவிடுகின்றன. கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் அதேதான். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு உதவும் என்று தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

இது என்ன ஆல்பம்? இவங்க யாரு?

டெட் கென்னடீஸ் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த பங்க் ராக் குழு. 1978ல் ஈஸ்ட் பே ரே என்ற கிடார் கலைஞர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் தேடினார். பாடுவதற்கு ஜெல்லோ பியாஃப்ரா வந்தார், பேஸ் கிடாருக்கு கிளாஸ் ஃப்ளோரைடு, டிரம்ஸுக்கு டெட் (Ted) என்பவர். 6025 என்ற எண்ணையே பெயராக வைத்துக்கொண்ட இன்னொரு கிடார் கலைஞரும் இருந்தார். அவர் 1979ல் விலகிவிட்டாலும் அவர் எழுதிய பாட்டுகள் ஆல்பத்தில் இருக்கின்றன. 1978 ஜூலையிலேயே மபுஹாய் கார்டன்ஸ் என்ற இடத்தில் முதல் கச்சேரி நடந்தது. அது ஒரு பிலிப்பினோ உணவகம். ராத்திரியானால் பங்க் குழுக்களின் மேடை.

அவர்களுடைய முதல் ஆல்பம் இது. 1980 செப்டம்பரில் வந்தது. தலைப்புக்கு 'அழுகும் காய்கறிகளுக்குப் புதுப்பழம்' என்று அர்த்தம். மொத்தம் 14 பாட்டு, 33 நிமிடம். பிரிட்டனில் செர்ரி ரெட் என்ற சின்ன நிறுவனம் வெளியிட்டது. அங்கே விற்பனைப் பட்டியலில் 33ஆம் இடம் வரை போனது. பெரிய கம்பெனியின் பணமோ வானொலி ஆதரவோ இல்லாத ஒரு குழுவுக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

செத்துப்போன கென்னடிகளை எதுக்குக் கிண்டல் பண்ணணும்? பேரே நல்லா இல்லையே?

இந்தக் கோபம் அப்போதே இருந்தது. 1978 நவம்பர் 22ஆம் தேதி, அதிபர் ஜான் கென்னடி சுடப்பட்ட 15ஆம் ஆண்டு நினைவு நாளன்றே அவர்கள் ஒரு கச்சேரி வைத்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ கிரானிக்கிள் பத்திரிகையில் ஹெர்ப் கேன் என்ற புகழ்பெற்ற பத்தியாளர், ரசனைக்கேட்டின் அடிமட்டம் இது என்கிற தொனியில் எழுதினார். பல அரங்குகள் இந்தப் பெயரைப் போட மறுத்ததால் வேறு பெயர்களிலும் வாசித்திருக்கிறார்கள்.

பியாஃப்ரா சொன்ன விளக்கம் வேறு. கென்னடி சகோதரர்கள் 1963லும் 1968லும் கொல்லப்பட்டதோடு 'உழைத்தால் எல்லோரும் முன்னேறலாம்' என்ற அமெரிக்கக் கனவும் செத்துவிட்டது, அதைத்தான் பெயரில் வைத்தோம் என்றார். அந்தக் குடும்பத்தைச் சீண்டுவது நோக்கம் இல்லை. இருந்தாலும் கேட்டவுடன் சுருக்கென்று குத்த வேண்டும் என்று எண்ணித்தான் வைத்திருக்கிறார்கள். குத்துகிறது.

ஜெல்லோ பியாஃப்ரான்னு ஒரு பேரா? நிஜப் பேரா?

மேடைப் பெயர். ஜெல்லோ என்பது அமெரிக்க வீடுகளில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் கலர் கலரான ஜெல்லி இனிப்பின் பிராண்டு. பியாஃப்ரா, நைஜீரியாவிலிருந்து பிரிந்து 1967 முதல் 1970 வரை மட்டும் நீடித்த நாடு. போரும் முற்றுகையும் சேர்ந்து அங்கே லட்சக்கணக்கானவர்களைப் பட்டினியில் சாகடித்தன. வயிறு ஊதிய பியாஃப்ராக் குழந்தைகளின் படங்கள் அப்போது உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தன.

தின்று சலித்தவர்களின் தின்பண்டமும் பட்டினியால் அழிந்த நாடும் ஒரே பெயருக்குள். இந்த ஆல்பம் முழுக்க அவர் செய்யும் வேலை இதுதான்: பக்கத்தில் வைக்கவே கூடாத இரண்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு, பேசாமல் ஒதுங்கி நிற்பது.

பங்க்குன்னா சும்மா கத்தல்தானே? இதுல கிடார் ஏன் பழைய துப்பறியும் படத்துல வர்ற மாதிரி இருக்கு?

காது நன்றாகவே கேட்டிருக்கிறது. ஈஸ்ட் பே ரே 1960களின் கலிஃபோர்னியக் கடற்கரை இசையான சர்ஃப் ராக்கிலும், உளவுப் படங்களின் பின்னணி இசையிலும் ஊறியவர். பெரும்பாலான பங்க் கிடார் ஒரே அடர்த்தியான சுவராக வந்து மோதும். இவருடைய கிடார் தனித்தனி ஸ்வரங்களாகத் துள்ளும். எக்கோபிளெக்ஸ் என்ற டேப் கருவி வழியாக வாசிப்பார். ஒவ்வொரு ஸ்வரமும் கொஞ்சம் தள்ளி இன்னொரு முறை ஒலித்துத் தேயும்.

'ஹாலிடே இன் கம்போடியா'வின் தொடக்கத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள். முதலில் பேஸ் மட்டும் தாழ்வாக ஊர்ந்து வரும். அதன்மேல் கிடார் ஏதோ தூரத்து இரும்பைச் சுரண்டுகிற மாதிரி கீறும். டிரம்ஸ் மெல்ல நெருங்கும். பாடுவதற்கு முன்பே இது நல்ல இடத்துக்குப் போகிற பயணம் இல்லை என்று தெரிந்துவிடும். பியாஃப்ராவின் குரலும் கத்தல் இல்லை. நடுங்கி நடுங்கி, பொம்மலாட்டத்து வில்லன் பேசுகிற மாதிரி இருக்கும். அந்தக் குரல் ஏன் அப்படி என்பதை ஏழைகளைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

பாட்டு வரி ஒண்ணுமே பிடிபடலையே, என்ன பண்றது?

வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முறை கேட்டுவிடுங்கள். வேகமும் உச்சரிப்பும் புதிது என்பதால் ஆங்கிலம் சரளமாகத் தெரிந்தவர்களுக்கே முதல் முறை பிடிபடாது. வேறு ஆல்பங்களுக்கு இப்படிச் சொல்ல மாட்டேன். இதில் வரி தெரியாமல் கேட்டால் பாதிதான் கிடைக்கும்.

அட்டையில எரியுற கார்கள் எங்க எடுத்த படம்? செட் போட்டதா?

செட் இல்லை. 1979 மே 21ஆம் தேதி ராத்திரி சான் ஃபிரான்சிஸ்கோவில் எரிந்த போலீஸ் கார்கள். அதன் பின்கதை தெரிந்தால் ஆல்பத்தின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

மேலே சொன்ன நவம்பர் 22 கச்சேரி முடிந்து ஐந்தே நாளில், அதாவது 1978 நவம்பர் 27ஆம் தேதி, நகர மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியும் நகரசபை உறுப்பினர் ஹார்வி மில்க்கும் நகரமண்டபத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மில்க், தான் ஓரினச் சேர்க்கையாளர் என்று வெளிப்படையாக அறிவித்து கலிஃபோர்னியாவில் தேர்தலில் வென்ற முதல் ஆள். சுட்டவர் டேன் வைட், சில நாட்கள் முன்புதான் நகரசபையிலிருந்து ராஜினாமா செய்தவர், முன்னாள் போலீஸ்காரர். ஜூரி அதைத் திட்டமிட்ட கொலையாகப் பார்க்கவில்லை. இரண்டு உயிருக்கும் சேர்த்து ஏழு வருடம் எட்டு மாதம் சிறை கிடைக்கக்கூடிய குறைந்த குற்றத்துக்குத்தான் தண்டித்தது.

தீர்ப்பு வந்த அன்று மாலை ஆயிரக்கணக்கானவர்கள் நகரமண்டபத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். ராத்திரி கலவரமாக வெடித்தது, வரிசையாக நின்ற போலீஸ் கார்கள் எரிந்தன. பிறகு போலீஸ், ஓரினச் சேர்க்கையாளர்கள் அதிகம் வாழ்ந்த காஸ்ட்ரோ பகுதிக்குள் புகுந்து ஒரு மதுக்கூடத்தில் இருந்தவர்களை அடித்து நொறுக்கியது. மறுநாள் மில்க்கின் பிறந்தநாள். இதைத்தான் அட்டையில் போட்டார்கள். குழு பெயரும் ஆல்பத்தின் பெயரும் தவிர விளக்கம் எதுவும் கிடையாது. அவர்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படவும் இல்லை.

பின் அட்டையை மாத்தினாங்களாமே?

ஆமாம். பின்பக்கத்தில் ஏதோ ஒரு பழைய கேளிக்கை இசைக்குழுவின் படத்தை எடுத்து, தங்கள் சின்னத்தை அதில் ஒட்டிப் போட்டார்கள். படத்தில் இருந்தவர்கள் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தது. அதனால் பின்னால் வந்த பதிப்புகளில் படம் மாறியது, ஒரு பதிப்பில் தலைகளே இல்லை. பழைய எல்பி கிடைத்தால் முதலில் பின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

முதல் பாட்டே 'கில் த புவர்'. நிஜமாவே ஏழைகளைக் கொல்லச் சொல்றாங்களா?

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. இல்லை. அந்தப் பாட்டைப் பாடுவது பியாஃப்ரா என்ற மனிதர் இல்லை, அவர் போட்டுக்கொண்ட வேஷம். 1970களின் கடைசியில் அமெரிக்கா நியூட்ரான் குண்டைத் தயாரிப்பதா என்று பெரிய விவாதம் நடந்தது. கதிர்வீச்சால் ஆட்களைக் கொல்லும், வழக்கமான அணுகுண்டைவிடக் கட்டடங்களுக்குச் சேதம் குறைவு என்பதுதான் அதன் சிறப்பாகப் பேசப்பட்டது. 1978ல் அதிபர் கார்ட்டர் தயாரிப்பைத் தள்ளிவைத்தார், 1981ல் ரீகன் உத்தரவு போட்டார். நடுவில் வந்தது இந்தப் பாட்டு. சொத்துக்குச் சேதமில்லாமல் ஆளை மட்டும் தீர்க்கிற குண்டு கிடைத்தால் அதிகாரத்தில் இருப்பவன் மனதுக்குள் என்ன கணக்குப் போடுவான்? வேலையில்லாதவர்களை ஒரே ராத்திரியில் இல்லாமல் செய்துவிடலாம், சேரி இருந்த இடம் காலியாகும், வரி மிச்சமாகும், விருந்து வைக்கலாம். பாட்டு அந்தக் கணக்கை அவன் வாயாலேயே, ரொம்பச் சந்தோஷமாகச் சொல்ல வைக்கிறது.

நமக்கு இது புது உத்தி இல்லை. அதியமானின் தூதாகப் போன ஔவை, தொண்டைமானின் ஆயுதங்களைப் பார்த்து, மயிற்பீலி சூடி நெய் பூசி எவ்வளவு அழகாகக் காவலில் இருக்கின்றன, எங்கள் அரசனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று பாடினாரே, அந்த வஞ்சப்புகழ்ச்சிதான். பள்ளிக்கூடத்தில் படித்த நமக்கு ஔவை தொண்டைமானை மெச்சினார் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

அப்புறம் இசையையும் கவனியுங்கள். பாட்டு ஒரு தேசிய கீதம் மாதிரி நிதானமாக, கம்பீரமாக ஆரம்பிக்கும். எழுந்து நின்று மரியாதை செய்யச் சொல்கிற மெட்டு. சட்டென்று வேகம் பிடித்து, கொலைக்கான கொண்டாட்டமாக மாறும். குரல் நடுங்கிக்கொண்டே இளிக்கும். மேலே சொன்ன பொம்மலாட்ட வில்லன் இவன்தான்.

'கலிஃபோர்னியா ஊபர் ஆலஸ்' பாட்டுல ஒரு தாராளவாத கவர்னரைப் போய் ஏன் ஹிட்லர் மாதிரி காட்டணும்?

அந்த கவர்னர் ஜெர்ரி பிரவுன். 1975ல் பதவிக்கு வந்தவர், இளைஞர், தியானம் பழகியவர், ஆடம்பர மாளிகையில் குடியேற மறுத்தவர். படித்த முற்போக்காளர்களின் செல்லப் பிள்ளை. பாட்டை எழுதியவர்கள் பியாஃப்ராவும் ஜான் கிரீன்வேயும். தலைப்பில் உள்ள 'ஊபர் ஆலஸ்' (எல்லாவற்றுக்கும் மேலே), நாஜிகளின் காலத்தில் ஓங்கி ஒலித்த ஜெர்மானிய கீதத்தின் வரி. பிரவுன் அதிபராகி, 1984 என்ற வருடத்தில் புன்னகையோடு கூடிய ஒரு சர்வாதிகாரத்தை நடத்துவதாகக் கற்பனை. எல்லோரும் தியானம் செய்தே ஆக வேண்டும், ஓடி உடம்பை வளர்த்தே ஆக வேண்டும், சந்தோஷமாக இருந்தே ஆக வேண்டும். ரகசிய போலீஸ் சீருடையில் வராது, ஜீன்ஸில் வரும். விஷவாயுகூட இயற்கை முறையில் தயாரித்ததாக இருக்கும்.

பிரவுன் ஹிட்லர் என்று பாட்டு நம்பவில்லை. நல்லவர்கள், நம்மவர்கள், நமக்கு நல்லதையே செய்கிறார்கள் என்று நாம் கண்ணை மூடிக்கொள்ளும் இடத்தில் அதிகாரம் எப்படி நுழையும் என்பதைத்தான் பேசுகிறது. எதிரிக் கட்சித் தலைவரைக் கிண்டல் செய்வது எல்லோருக்கும் வரும். தன் நண்பர்கள் ஓட்டுப்போடுகிற ஆளைப் பிடித்து இப்படிப் பாடியதால்தான் இது எனக்கு முக்கியமான பாட்டு.

ஆனா ஜெயிச்சது ரீகன்தானே? பாட்டு பலிக்கலையே?

பலிக்கவில்லை. 1980ல் பிரவுன் ஜனநாயகக் கட்சி வேட்பாளராகக்கூட ஆகவில்லை, ஆல்பம் வருவதற்கு முன்பே போட்டியிலிருந்து விலகிவிட்டார். நவம்பரில் ரீகன் வென்றார். குழு என்ன செய்தது என்றால், 1981ல் வந்த 'இன் காட் வி டிரஸ்ட், இங்க்' தட்டில் அதே மெட்டுக்கு ரீகனைப் பற்றி வேறு வரிகள் எழுதிப் பாடியது. தலைப்பே 'இப்போது இதைவிடப் பெரிய பிரச்சினை வந்துவிட்டது' என்பதுதான். 1992ல் டிஸ்போசபிள் ஹீரோஸ் ஆஃப் ஹிப்ஹாப்பிரிசி என்ற ராப் குழு அதை எடுத்து, அப்போதைய கவர்னர் பீட் வில்சன்மேல் போட்டது. ஆள் மாறினாலும் சட்டை பொருந்துகிறது. சோதிடம் சொல்லும் பாட்டாக இருந்தால் இது நடந்திருக்காது.

'ஹாலிடே இன் கம்போடியா' அங்க செத்தவங்களைக் கேலி பண்ற மாதிரி இல்லையா?

பாட்டு யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பதைப் பிடித்தால் இந்தச் சந்தேகம் தீரும். பேசுவது ஓர் அமெரிக்கக் கல்லூரி மாணவனிடம். ஓரிரு வருடம் படித்துவிட்டு உலகமே தெரியும் என்கிறவன், அப்பாவின் காரில் சுற்றுகிறவன், விலை உயர்ந்த ஸ்டீரியோவில் கறுப்பர்களின் இசையைப் போட்டுவிட்டு அவர்கள் வலி தனக்குத் தெரியும் என்று பீற்றிக்கொள்பவன். சரி, கஷ்டம் அவ்வளவு பிடிக்கும் என்றால் கம்போடியாவுக்கு ஒரு சுற்றுலா போய்விட்டு வா என்கிறது பாட்டு. அங்கே முதுகில் துப்பாக்கி அழுத்த வயலில் உழைக்க வேண்டும், நாளுக்கு ஒரு கிண்ணம் சோறு. கடைசியில் அந்த நாட்டுச் சர்வாதிகாரி பொல் பாட்டின் பெயரையே மந்திரம் மாதிரி திரும்பத் திரும்பச் சொல்வார்கள்.

1975 முதல் 1979 தொடக்கம் வரை பொல் பாட்டின் கெமர் ரூஜ் கம்யூனிஸ்ட் ஆட்சியில் 15 முதல் 20 லட்சம் பேர் செத்தார்கள், அந்த நாட்டு மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. இந்தப் பாட்டு சிங்கிளாக (தனித் தட்டாக) வந்த 1980 மே மாதத்தில் ஐக்கிய நாடுகள் சபையில் கம்போடியாவின் நாற்காலி கெமர் ரூஜ் தரப்பிடமேதான் இருந்தது, அமெரிக்காவும் சீனாவும் அதை ஆதரித்தன. ஒரு பங்க் குழு அந்தப் பெயரை அமெரிக்க இளைஞர்கள் காதில் அலறியதை அந்தச் சூழலில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கறுப்பர்களை இழிவாகச் சொல்லும் ஒரு வார்த்தை இந்தப் பாட்டில் வருகிறது. அந்த மாணவனின் பீற்றலை வெளிச்சம் போட்டுக் காட்டத்தான் வருகிறது என்றாலும், அந்த வார்த்தை இல்லாமலேயே பாட்டு இதே அளவு குத்தியிருக்கும் என்பது என் எண்ணம்.

அந்த சிங்கிள் அட்டையில இருக்கிற படம் கம்போடியாவே இல்லைன்னு சொல்றாங்களே?

உண்மை. அது தாய்லாந்து. 1976 அக்டோபர் 6ஆம் தேதி பாங்காக்கின் தம்மசாத் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கொல்லப்பட்டபோது நீல் உலெவிச் எடுத்த படம். மரத்தில் தொங்கும் பிணத்தை ஒருவன் மடக்கு நாற்காலியால் அடிக்கிறான், கூட்டம் நின்று பார்க்கிறது, அதில் சிலர் முகத்தில் சிரிப்பு. 1977ல் அந்தப் படத்துக்கு புலிட்சர் பரிசு கிடைத்தது.

இந்த ஒரு இடத்தில் நான் குழுவின் பக்கம் நிற்க மாட்டேன். ஆசியாவின் ஒரு மூலையை இன்னொரு மூலையோடு குழப்பிக்கொள்ளும் மேம்போக்கான அமெரிக்கனைத்தான் பாட்டு கிழிக்கிறது. அதே பாட்டின் அட்டைக்கு வேறு நாட்டில், நேர் எதிரான அரசியல் கும்பல் கொன்ற மாணவனின் உடலை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். பாங்காக்கில் கொன்றவர்கள் கம்யூனிஸ்ட் எதிர்ப்பு வலதுசாரிகள். படம் தரும் அதிர்ச்சி உண்மைதான், ஆனால் அந்த மாணவனின் கதையை அது சொல்லவில்லை.

வீட்டு ஓனரை அடிக்கச் சொல்ற பாட்டும் வேஷம்தானா?

'லெட்ஸ் லிஞ்ச் த லேண்ட்லார்ட்' கொஞ்சம் வேறு. இதில் பேசுவது வில்லன் இல்லை, வாடகைக்காரன். தண்ணீர் வராது, குளிருக்குச் சூடு வராது, அடுப்பங்கரையில் எலி, முழங்கால் வரை கரப்பான், மழை வந்தால் கூரை ஒழுகும். சொன்னால் 'உனக்குக் குறை சொல்வதே வேலை' என்று பதில் வரும். ஆள் இல்லாதபோது வீட்டைத் துழாவிவிட்டுப் போவார்கள். அடிப்பதெல்லாம் வாடகைக்காரன் மனதுக்குள் போடும் கணக்கு. சான் ஃபிரான்சிஸ்கோவில் வாடகை உயர்வு பொறுக்க முடியாமல் போய் 1979 ஜூனில்தான் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமே வந்தது. ஆல்பத்திலேயே மெட்டு லேசாக, ஆடத் தோன்றும்படி இருப்பது இந்தப் பாட்டு.

'வென் யா கெட் டிராஃப்டட்' எந்தப் போரைப் பத்தி?

வரப்போகிறது என்று பயந்த போரைப் பற்றி. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் போனதும், 1980 ஜனவரியில் கார்ட்டர் கட்டாய ராணுவப் பதிவைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தார். வியட்நாம் போர் முடிந்து ஐந்து வருடம்கூட ஆகவில்லை. ஆல்பம் பதிவானது மே, ஜூன் மாதங்களில். ஜூலையில் ராணுவப் பதிவு தொடங்கிவிட்டது. ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பாட்டு, அந்த வயதுப் பையன்களுக்கு அன்றைய செய்தியே அதுதான்.

'ஐ கில் சில்ட்ரன்' கூட நையாண்டியா? இதையும் நியாயப்படுத்துவீங்களா?

முழுசாக மாட்டேன். கொலைகாரன் மண்டைக்குள் உட்கார்ந்து பாடுகிற பாட்டு. 'கில் த புவர்' மாதிரி வேஷம்தான். ஆனால் அங்கே வேஷத்துக்குப் பின்னால் நிஜமான குண்டும், நிஜமான பட்ஜெட்டும், நிஜமான ஆட்களும் இருந்தார்கள். இங்கே யாரைத் தோலுரிக்கிறோம் என்பது தெளிவாக இல்லை. அதிர்ச்சி மட்டும் மிஞ்சுகிறது. 'ஸ்டீலிங் பீப்பிள்ஸ் மெயில்' இன்னும் மெலிசு, தபால் திருடும் விடலைகளின் வேடிக்கை அவ்வளவுதான்.

'கெமிக்கல் வார்ஃபேர்' அப்படி இல்லை. பணக்காரர்களின் கோல்ஃப் கிளப்பில் ஒருவன் விஷவாயுவைத் திறந்துவிடுகிறான். பாட்டின் நடுவில் வேகம் நின்று, சர்க்கஸில் கேட்கிற பழைய வால்ட்ஸ் மெட்டு ஒன்று மிதந்து வரும், அதன் மேலே ஆட்கள் அலறுவது கேட்கும். தூர தேசத்தில் பயன்படுத்துவதற்காகச் செய்து அடுக்கிய சரக்கு சொந்த ஊர்ப் புல்வெளிக்கே வந்தால் எப்படி இருக்கும் என்பதை அந்தச் சில நொடிகள் காட்டிவிடுகின்றன.

பாடகர் நிஜமாவே மேயர் தேர்தல்ல நின்னாரா?

நின்றார், 1979 நவம்பரில். மாஸ்கோனி கொலைக்குப் பின் மேயரான டயான் ஃபைன்ஸ்டைன் உட்படப் பத்துப் பேர் களத்தில் இருந்தார்கள். வணிகர்கள் நகர எல்லைக்குள் கோமாளி உடை அணிய வேண்டும், ஊர் முழுக்க டேன் வைட்டுக்குச் சிலை வைத்து, எறிவதற்கு முட்டையும் தக்காளியும் நகராட்சியே விற்க வேண்டும் என்றெல்லாம் வாக்குறுதி கொடுத்தார். இவற்றைத்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். கூடவே இருந்த மற்றவற்றையும் பாருங்கள்: போலீஸ்காரர்களை அவர்கள் ரோந்து வரும் பகுதி மக்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும், வரி கட்டாமல் பூட்டிக் கிடக்கும் கட்டடங்களில் வீடில்லாதவர்கள் குடியேறுவதைச் சட்டபூர்வமாக்க வேண்டும். அட்டைப்படத்தின் கதை தெரிந்தவர்களுக்கு முதல் கோரிக்கை ஏன் என்று புரியும். கோமாளித்தனத்தைக் காட்டிக் கூட்டத்தைக் கூட்டிவிட்டு, விஷயத்தை உள்ளே வைத்தார். 6,500க்கும் மேற்பட்டவர்கள் அவருக்கு ஓட்டுப்போட்டார்கள், ஏறக்குறைய 4 சதவீதம்.

ஒரு விருது விழால மேடையிலயே ஏதோ பண்ணாங்களாமே?

1980 மார்ச் 25, பே ஏரியா மியூசிக் அவார்ட்ஸ். 'புது அலை' என்று பேசப்பட்ட புதிய இசைக்கும் இடம் கொடுத்தோம் என்று காட்டிக்கொள்ள இவர்களைக் கூப்பிட்டு 'கலிஃபோர்னியா' பாட்டை வாசிக்கச் சொன்னார்கள். நெஞ்சில் பெரிதாக எஸ் எழுத்து வரைந்த வெள்ளைச் சட்டையோடு வந்தார்கள். பாட்டைத் தொடங்கிச் சில நொடிகளில் நிறுத்தினார்கள். முதுகுப் பக்கம் தொங்கிய கறுப்பு டையை முன்னால் இழுத்து விட்டார்கள், எஸ் எழுத்து டாலர் குறியானது. பிறகு, இசைக் கம்பெனிகளின் முன்னால், 'என்னை விலைக்கு வாங்குங்கள், கயிற்றை இழுங்கள், ஆடுகிறேன்' என்று கெஞ்சும் 'புல் மை ஸ்டிரிங்ஸ்' என்ற புதுப் பாட்டை வாசித்தார்கள். அது இந்த ஆல்பத்தில் இல்லை. 1987ல் வந்த 'கிவ் மி கன்வீனியன்ஸ் ஆர் கிவ் மி டெத்' தொகுப்பில் அன்றைய மேடைப் பதிவு இருக்கிறது.

இவங்க கச்சேரிக்கு நாஜி ஆதரவாளர்களே வந்தாங்கன்னா, நையாண்டி தோத்துப்போச்சுன்னுதானே அர்த்தம்?

கடினமான கேள்வி. பங்க் கூட்டத்தில் ஸ்வஸ்திகா குத்திக்கொண்டு வந்து அடிதடி செய்கிற ஆட்கள் இருந்தது உண்மை. மேடையில் ஒருவர் சர்வாதிகாரி குரலில் பாடும்போது அதை அப்படியே எடுத்துக்கொண்டு கைதட்டுபவர்கள் எங்கேயும் சிலர் இருப்பார்கள். வேஷம் போட்டுப் பேசுவதில் உள்ள ஆபத்து இது.

குழு அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 1981ல், வேஷமே இல்லாமல், ஒரு கெட்ட வார்த்தையோடு 'நாஜி பங்க்குகளே, போய்த் தொலையுங்கள்' என்று ஒரு நிமிடப் பாட்டை வெளியிட்டார்கள். ஸ்வஸ்திகாமேல் குறுக்குக் கோடு போட்ட கைப்பட்டையும் அந்த சிங்கிளோடு வந்தது. டிரம்ஸ் வாசித்த டெட் விலகி, டி. எச். பெலிக்ரோ என்ற கறுப்பினக் கலைஞர் டிரம்ஸுக்கு வந்திருந்த நேரம் அது. நையாண்டி எங்கே போதாது என்று கண்டு, அங்கே நேராகப் பேசினார்கள். அது தோல்வி என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆபாச வழக்கு நடந்தது இந்த ஆல்பத்துக்கா?

இல்லை, நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். அது 1985ல் வந்த 'ஃபிராங்கன்கிரைஸ்ட்'. ஸ்விட்சர்லாந்து ஓவியர் எச். ஆர். கிகரின் ஓவியம் ஒன்று போஸ்டராக உள்ளே இருந்தது. சிறுவர்களுக்குத் தீங்கான பொருளை விநியோகித்ததாக 1986ல் வழக்குப் போட்டார்கள். 1987ல் லாஸ் ஏஞ்சலஸில் விசாரணை நடந்தது. ஜூரியில் விடுதலைக்கு ஏழு பேர், தண்டனைக்கு ஐந்து பேர் என்று பிரிந்துபோனதால் முடிவு வரவில்லை, வழக்கு கைவிடப்பட்டது. அதற்கு முன்பே, 1986லேயே, குழு கலைந்துவிட்டிருந்தது.

பின்னாடி காசுக்காகக் கோர்ட்ல சண்டை போட்டவங்கதானே? அப்புறம் இவங்க பேசின அரசியலுக்கு என்ன மதிப்பு?

ராயல்டி பணம் சரியாக வரவில்லை என்று மற்றவர்கள் பியாஃப்ராமேல் வழக்குப் போட்டார்கள். 2000ல் ஜூரி அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 2003ல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. 2001லிருந்து மற்றவர்கள் பியாஃப்ரா இல்லாமல் இதே பெயரில் கச்சேரி செய்கிறார்கள். ஒரு விளம்பரத்துக்குப் பாட்டைக் கொடுக்க மறுத்ததால் வந்த வினை என்பது பியாஃப்ராவின் தரப்பு, மற்றவர்கள் அதை மறுக்கிறார்கள்.

வருத்தமான கதைதான். ஆனால் நியூட்ரான் குண்டைப் பற்றியும் கம்போடியாவைப் பற்றியும் பாட்டு சொன்னது சரியா தவறா என்பதை அந்தத் தீர்ப்பு மாற்றாது. பாடியவர்கள் உத்தமர்களாக இருந்தால்தான் பாட்டைக் கேட்பேன் என்றால், 'கலிஃபோர்னியா' பாட்டு எச்சரித்த அதே பிழையைத்தான் நாமும் செய்கிறோம்: ஆளைப் பார்த்து நம்புவது.

தயாரிப்பாளர் பேர்ல ஒரு பூனை இருக்காமே, நிஜமா?

ஆமாம். அட்டையில் தயாரிப்பு நார்ம், ஈஸ்ட் பே ரே என்று இருக்கும். நார்ம் என்பது பதிவு நடந்த மோபியஸ் ஸ்டுடியோ இன்ஜினியரின் பூனை.

எந்தப் பதிப்பைக் கேட்கணும்? எதுல ஆரம்பிக்கலாம்?

1980ன் மூல மிக்ஸைக் கேளுங்கள். 2022ல் கிறிஸ் லார்ட்-ஆல்ஜி புதிதாக மிக்ஸ் செய்த பதிப்பும் இருக்கிறது. டிரம்ஸ் பெரிதாக, எல்லாம் பளிச்சென்று இருக்கும். எனக்கு மூலத்தில் உள்ள ஒல்லியான, கூர்மையான சத்தம்தான் பாட்டுகளுக்குப் பொருந்துகிறது. 'கலிஃபோர்னியா', 'கம்போடியா' இரண்டுக்கும் சிங்கிளில் வந்த பதிவு வேறு, ஆல்பத்தில் இருப்பது வேறு. சிங்கிள் பதிவுகள் மேலே சொன்ன 1987 தொகுப்பில் கிடைக்கும்.

முதல் தடவை கேட்பவர்கள் 'கம்போடியா', 'லேண்ட்லார்ட்', 'கில் த புவர்' மூன்றையும் வரிகளோடு கேட்டுவிட்டு, பிறகு முழு ஆல்பத்தையும் வரிசை மாற்றாமல் ஒரே மூச்சில் கேளுங்கள். கடைசியில் எல்விஸ் பிரெஸ்லி பாடிப் புகழ்பெற்ற 'விவா லாஸ் வேகஸ்' வரும். அதுவரை 13 பாட்டில் எரிந்த நாட்டின் சூதாட்ட நகரத்தை, நியான் விளக்குகளை, பணம் தீரும் வரை ஆடுவதைக் கொண்டாடும் பாட்டு அது. வரிகளில் சின்னச் சின்ன மாற்றங்களோடு, வேகத்தைக் கூட்டிப் பாடியிருக்கிறார்கள். தனியாகக் கேட்டால் வெறும் ஜாலியான கவர் பாட்டு, அந்த இடத்தில் கேட்டால் வேறு.